பாவலர் சகோதரர் இசைக்குழுவும் அதன் பின்னாளும்

இளைஞர் சிலர் கூடி இசைக்குழு ஒன்று அமைத்துக்கொள்ளுதல் எந்நாட்டினும் உள்ள வழக்கே. கூடியிருந்த பொழுது அவர்க்குப் பெயர் ஒன்று. கலைந்தபின் அவர் அடையும் வாழ்வோ பல. ஒருவர் உலகறிய உயர்வர். ஒருவர் அலுவலகத்திற் கோப்புப் புரட்டுவர். ஒருவர் பெயரளவில் எஞ்சி நிற்பர். ஆங்கில நாட்டில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த 'பீட்' குழுக்களைப்பற்றி அந்நாட்டார் இன்றும் வாஞ்சையோடு பேசுகின்றனர்; நூல்கள் எழுதுகின்றனர்; அவருட் சிலர் வளர்ந்த வீடுகளைக்கூட அறக்கட்டளை வாயிலாகக் காத்துவருகின்றனர். அவ்வரலாறுகளைப் படிக்குந்தோறும், நம் நாட்டில் இவற்றை ஒத்த குழு யாது என்னும் வினா எம் உள்ளத்து எழுவதுண்டு. அதற்கு விடையாக யாம் கண்டது பண்ணைப்புரத்துப் 'பாவலர் சகோதரர்' குழுவாகும். மேடைகளில் 'பாவலர் பிரதர்ஸ்' என்றே அதனை அழைத்தனர்.

இதனை எழுதத் தூண்டியவர் நைனார்பாளையத்திலுள்ள எம் பெரியதந்தையார். அவர் இளமையில், சின்னசேலத்தையும் கூகையூரையும் சூழ்ந்த ஊர்களிற் பாடித்திரிந்த மெல்லிசைக் குழுவொன்றில் ஆர்மோனியம் வாசித்தவர். குழு கலைந்து முப்பதாண்டுகள் கடந்தன. இப்பொழுது தையற்கடை வைத்திருக்கின்றார். கோடை விடுமுறையில் அவர்தம் கடைத் திண்ணையில் அமர்ந்து யாம் கேட்டறிந்த விளக்கங்கள் சில இக்கட்டுரையின் இடையிடையே வரும்.

'பீட்' என்னும் சொல் ஈண்டுத் தாளத்தின் அடியைக் குறிக்கும். கித்தார் மூன்று, முரசுத் தொகுதி ஒன்று, பாடுவோரே கருவி இயக்குவோரும் ஆதல் என்பன அக்குழுக்களின் பொது இலக்கணம். அவற்றின் தோற்றமோ மிக எளியது. 1956-இல் லானி டானகன் என்பார் பாடிய இசைத்தட்டொன்று ஆங்கிலச் சிறுவரைப் பித்தராக்கிற்று. துணி துவைக்கும் நெளிதகடும், தேயிலைப் பெட்டியிற் கோலும் கயிறும் பூட்டிய கருவியும், மலிவான கித்தார் ஒன்றும் இருப்பின் தெருவுக்கொரு குழு எழுந்துவிடும். அங்ஙனம் எழுந்த ஒன்றே ஜான் லெனனின் குழு. 1957 சூலை 6-ஆம் நாள், லிவர்ப்பூலைச் சார்ந்த ஊல்ட்டன் என்னுமிடத்துத் தூய பேதுரு ஆலய விழாவில் அக்குழு பாடியபொழுதுதான் பால் மக்கார்ட்னி அவரைச் சந்தித்தார். பின்னாளில் உலகையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் என்னும் குழுவிற்கு வித்திட்ட இடம் ஒரு கோயில் முற்றமே என்பது நம் கல்லூரி அன்பர்க்குச் சுவை தரும். அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை பதினைந்தளவே. 1960-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர் சென்று, குடிப்போர் கூடும் அரங்குகளில் நாள்தோறும் இரவு நெடுநேரம் பாடினர். கைதேர்ந்தது ஆண்டே. உரிய அகவை நிரம்பாதவர் என்று ஹாரிசனை அந்நாட்டினின்றும் திருப்பியனுப்பியதும் அவ்வாண்டே.

ஹாரிசன் பிறந்தது 1943 பிப்ரவரியில். அதே ஆண்டு சூன் திங்களில், மேற்குத் தொடர்மலையின் அடிவாரத்துப் பண்ணைப்புரத்தில், டேனியல் இராமசாமி, சின்னத்தாய் என்பார்க்கு மகனாக ஞானதேசிகன் என்னும் சிறுவன் பிறந்தான். பள்ளியில் இராசையா எனப்பெற்றான். தன் பதினான்காம் அகவையளவில் அவனும் தன்னின் மூத்தாரது குழுவொன்றிற் புகுந்தான். அம்மூத்தார் அவன் அண்ணனாகிய பாவலர் வரதராசன். அச்சிறுவனே பின்னாளில் இளையராஜா.

சென்னை முதலிய பெருநகரங்களில் ஆங்கிலப் பாட்டையே கித்தாரிற் பாடிய குழுக்கள் அக்காலத்து இருந்தனவே, அவையன்றோ பீட் குழுக்களுக்கு நெருங்கியவை என்று வினவுவார் உளர். கருவியால் நோக்கின் அது மெய்யே. 1970, 1971-ஆம் ஆண்டுகளில் 'சிம்லா பீட்' என்னும் போட்டி நடைபெற்று இசைத்தட்டுகளும் வெளிவந்தன. இலங்கைத் தமிழர் பாடிய பொப் பாடல்கள் தனிக் கட்டுரைக்கு உரியன. ஆயினும், உழைப்பாளர் வாழும் ஊரிற் பிறந்து, இளமையின் வேகத்தாற் பொதுமக்களிடையே முழங்கி, கலைந்தபின் நாட்டின் இசையையே மாற்றியது என்னும் பொருளில் நோக்கின், பண்ணைப்புரத்துக் குழுவே லிவர்ப்பூல் குழுவிற்கு ஒப்பாவது என்பது எம் துணிபு.

வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாவலர். கட்சிக் கூட்டமெனின் பேச்சாளர் வருமுன் மக்களைத் திரட்டல் வேண்டும்; திரண்டவரைக் கலையாது இருத்தல் வேண்டும். அப்பணி பாட்டினுடையது. மக்கள் முன்னரே அறிந்த திரைப்பட மெட்டில் அன்றைய அரசியலைப் புதுச்சொல்லால் ஏற்றிப் பாடுவது அவர் முறை. மெட்டுப் பழகியதாதலின் செவி தடையின்றி ஏற்கும். சொல் புதியதாதலின் சிரிப்பெழும். எதிர்க்கட்சியின் சின்னம் முதற்கொண்டு எதுவும் அவர் பாட்டிற்குத் தப்பியதில்லை. அந்நாளிற் காங்கிரசின் சின்னம் நுகம் பூண்ட இரட்டைக் காளை. அக்காளைகள் பாவலர் வாயிற் பட்டபாடு கொஞ்சமன்று.

அவர் பெயர் மலைக்கு அப்பாலும் பரவியது 1958-ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில். அதன் பின்னணியைச் சிறிது கூறுதல் வேண்டும். 1957 ஏப்ரலிற் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையிற் பொதுவுடைமை அமைச்சரவை அமைந்தது. பேரவையில் அதற்கிருந்த பெரும்பான்மை மிகச் சிறிது; ஓரிடம் போயினும் அச்சந்தான். தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசு அம்மையாரின் தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. மீண்டும் தேர்தல் வந்தது. அத்தொகுதி மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்கள் நிறைந்தது. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் தமிழர். ஆகவே மலையாள நாட்டு அமைச்சரவையின் நிலைபேற்றைத் தமிழ்ப்பாட்டு தாங்கவேண்டியதாயிற்று! மலையின் இப்புறத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் சென்று பாடினார். அம்மையார் மீண்டும் வென்றார். அவ்வெற்றியிற் பாவலர் பாட்டுக்கும் பங்குண்டு என்பது அக்கட்சியின் பழந்தோழர் மறவாது கூறும் செய்தி.

ஓயாத பாட்டும் ஓயாத பயணமும் உடலை வருத்துமன்றே? அண்ணனுக்கு உடல்நலம் குன்றிய வேளையில், தம்பி இராசையாவையும் உடனழைத்துச் செல்லுமாறு சின்னத்தாயம்மையார் கூறினார் என்பர். சிறுவன் குரல் முதிராத குரல்; ஆதலின் பெண்குரற் பாடல்களுக்கு அவனே உரியவனானான். ஆண்டுகள் சில சென்றபின் குரல் உடைந்தது. இவ்விடத்தில் எம் பெரியதந்தையார் கூறிய விளக்கம் பொருந்தும். ஐந்தரைக் கட்டையிற் பாடிய சிறுவன் குரல் உடைந்தபின் இரண்டு கட்டைக்கு இறங்கிவிடும். பாட்டுக்குரிய இடம் ஒருநாளிற் பறிபோகும். அழுது வீடு திரும்பிய சிறுவரை அவர் கண்டிருக்கின்றார். இராசையா வீடு திரும்பவில்லை; ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தான்.

ஆர்மோனியம் என்பது பாடுவோனுக்குச் சுருதி கொடுக்கும் பெட்டி என்றே யாம் எண்ணியிருந்தேம். பெரியதந்தையார் நகைத்தார். திரைப்பாட்டில் ஓரடிக்கும் மற்றோரடிக்கும் இடையே வயலின் முப்பது பாடும், குழல் கூவும், மேளம் முழங்கும். ஊர்ப்புற மேடையிலோ இடக்கை துருத்தியை இயக்க, வலக்கை ஒன்றே அத்தனையையும் செய்தல் வேண்டும். எல்லாவற்றையும் செய்யலாகாது, எதனை விட்டால் பாட்டு விழாதோ அதனை விட்டு, எது இன்றேல் கேட்போன் 'இது அந்தப் பாட்டன்று' என்பானோ அதனைப் பற்றவேண்டும். 'வாசிப்பது எளிது, விடுவதே அரிது' என்றார். பத்தாண்டுக் காலம் இவ்வேலையைச் செய்த ஒருவர்க்கு, ஒரு பாட்டின் எலும்பு எது, தசை எது என்பது விரல்நுனியில் நிற்குமன்றோ? ஹாம்பர்க் அரங்குகள் பீட்டில்ஸ் குழுவினர்க்குச் செய்ததனை நம் ஊர்ப் பொட்டல்களும் குழாய் ஒலிபெருக்கிகளும் இவர்க்குச் செய்தன என்று கொள்ளுதல் மிகையாகாது.

நடுவண் அண்ணன் பாஸ்கர் தாளக் கருவி இயக்க, இளையவர் அமர்சிங் கித்தாரும் பாட்டுமாக உடன்வர, குழு சகோதரர் குழுவே ஆயிற்று. நேரு பெருமகனார் 1964-இல் மறைந்தபொழுது கவியரசு கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இராசையா மெட்டமைத்தார். அதுவே அவர்தம் முதல் இசையமைப்பு என்பர். தேர்தல் மேடையில் வளர்ந்த ஒருவர் மாற்றுக்கட்சித் தலைவர்க்காக இரங்கற்பா இசைத்தார் என்பது கருதத்தக்கது.

1960-களின் இறுதியில் தம்பியர் மூவரும் சென்னைக்குப் புறப்பட்டனர். வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று வந்த 400 ரூபாயை அன்னையார் முழுதும் கொடுத்துவிட்டார் என்று இளையராஜா பன்முறை கூறியுள்ளார். பாட்டுக் கேட்பதற்கிருந்த பெட்டியை விற்றுப் பாட்டமைக்கப் புறப்பட்ட கதை இது. சென்னையில், அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜாவின் துணை கிடைத்தது. நாடகங்களுக்கு இசையமைத்தனர், எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மேடைக் கச்சேரிகளில் உடன் வாசித்தனர். இராசையா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையின் குறியீடும் இலக்கணமும் பயின்றார். இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார்த் தேர்விலும் தேறினார். பின் ஜி. கே. வெங்கடேஷ் என்னும் இசையமைப்பாளரிடம் துணையாளராகிப் பெரும்பாலும் கன்னடப் படங்களிற் பணிபுரிந்தார். செவியால் மட்டும் கற்றவர் ஏட்டாலும் கற்றார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியதே பின்வந்த வியப்பிற்கெல்லாம் காரணம். ஏடு மட்டும் கற்றார் சென்னையில் அந்நாளிற் பலர் இருந்தனர். செவி மட்டும் உடையார் ஊர்தோறும் இருந்தனர்.

குழுவிற்குப் பெயர் தந்த அண்ணனோ 1973-இல் மறைந்தார். தம்பியின் பெயர் திரையில் வருதலை அவர் கண்டிலர். லிவர்ப்பூலில் பீட்டில்ஸ் பாடிப் பேர்பெற்ற கேவர்ன் என்னும் நிலவறை அரங்கம் மூடப்பெற்றதும் அவ்வாண்டே. ஆனால் அந்நிலவறையை 1984-இல் அவ்விடத்திலேயே மீண்டும் கட்டிக்கொண்டனர்.

1976-இல் பஞ்சு அருணாசலம் தயாரித்த 'அன்னக்கிளி' வந்தது. இராசையாவுக்கு இளையராஜா என்னும் பெயரை இட்டவரும் அவரே. நாட்டுப்புறத்து மெட்டு, மேனாட்டுக் கருவிக் கூட்டத்தின் மேல் ஏறி, வயல்வெளியினின்றும் வந்ததுபோலவே ஒலித்த புதுமையைத் தமிழகம் அன்றுதான் கேட்டது. அதன்பின் நிகழ்ந்தவை அனைவரும் அறிந்தவை. ஆயிரம் படங்களைக் கடந்த கணக்கை ஈண்டு விரிக்க வேண்டா.

அமர்சிங் கங்கை அமரன் ஆனார். '16 வயதினிலே' படத்தில் அவர் எழுதிய 'செந்தூரப்பூவே' என்னும் பாட்டிற்காக எஸ். ஜானகி அம்மையார் தேசிய விருது பெற்றார். பாஸ்கர் படத்தயாரிப்பாளர் ஆனார். 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' அவர் தயாரிப்பில் வந்தபொழுது நிறுவனத்தின் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ் என்றிருந்தது. படம் காண வந்தோருள் எத்தனை பேர் அப்பாவலர் யாரென்று கேட்டிருப்பர்?

கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' 1989-இல் வெளிவந்து மதுரையில் ஓராண்டுக்கு மேலும் ஓடிற்று. அது ஊரூராய்ச் செல்லும் ஓர் ஆட்டக் குழுவின் கதை. குழுவினர் தம் பழங்காரைத் தள்ளிக்கொண்டு செல்லும் காட்சியைக் கண்டு நகையாதார் இலர். எம் பெரியதந்தையார் அக்காட்சியில் நகைப்பதில்லை. ஆத்தூரிலிருந்து நள்ளிரவில் வேனைத் தள்ளிவந்த நினைவு அவர்க்கு வந்துவிடும். குழுவில் வாழாதவர் அக்காட்சியை அத்துணைச் செம்மையாக எடுத்திருக்க இயலாது என்பது அவர் கருத்து. யாமும் உடன்படுகின்றேம். அப்படத்தைக் காதற் கதையென்றும் நகைச்சுவையென்றும் மட்டும் கூறிவிடுதல் குறையே. பாவலர் சகோதரர் குழுவினது வாழ்வின் சாயல் எங்கேனும் திரையில் தங்கியுளதெனின் அது அங்கேதான்.

ஆங்கிலக் குழுவினரின் பின்வாழ்வும் ஒருதன்மைத்தன்று. 1962 ஆகஸ்டில், முதல் இசைத்தட்டு வெளிவருதற்குச் சில வாரங்கள் முன்பு, பீட்டில்ஸ் குழுவினின்றும் நீக்கப்பெற்ற முரசறைவோர் பீட் பெஸ்ட் என்பார். ஏனையோர் உலகை வலம்வர, இவர் லிவர்ப்பூல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் பணிபுரிந்தார். வேலை வேண்டி வந்தோருள் எத்தனை பேர் பீட்டில்ஸ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அவர் முன் நின்றனரோ! சர்ச்சர்ஸ் என்னும் குழுவின் கிறிஸ் கர்ட்டிஸ் வரி அலுவலகத்தில் எழுத்தரானார். ஜெர்ரி மார்ஸ்டன் 1963-இற் பாடிய பாட்டொன்று லிவர்ப்பூல் காற்பந்துக் குழுவின் பாட்டாகிவிட்டது. அவர் 2021-இல் மறைந்தபின்னும் ஆட்டந்தோறும் பல்லாயிரவர் அதனைப் பாடுகின்றனர். ஹாரிசன் பண்டிட் இரவிசங்கரிடம் சித்தார் பயின்று இந்நாட்டின்மேல் அன்பு பூண்டு 2001-இல் மறைந்தார்.

இவருள் வறியராய் ஒழிந்தார்க்கும் ஒரு பேறு உண்டு. பீட் பெஸ்டின் முரசொலியை இன்றும் கேட்கலாம். அவர் வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் 1995-இற் பீட்டில்ஸ் தொகுப்பில் வெளிவந்தன. அவர்க்குப் பொருளும் வந்தது. பாவலர் வரதராசனின் குரலையோ யாம் ஒருகாலும் கேட்டிலேம். அவர் பாடியது இசைத்தட்டு நிலையத்திலன்று, பொட்டலில். அவர் பாட்டின் ஆயுள் ஒரு தேர்தல். அடுத்த தேர்தலுக்கு வேறு பாட்டு. மக்களுக்காகவே பாடிய ஒருவரது குரல் மக்கள் செவியிலன்றி வேறெங்கும் தங்காது போயிற்று. அச்செவிகளோ இப்பொழுது எண்பது அகவையைக் கடந்தவை. தேனிப் பக்கத்தினின்றும் நம் கல்லூரிக்கு வந்து பயிலும் நண்பர்கள் தம் ஊர் முதியோரை ஒருமுறை வினவிப் பார்ப்பாராக. 1958-இல் மூணாற்றுத் தோட்டங்களிற் சிறுவராய் இருந்து கேட்டவர் சிலரேனும் இருத்தல் கூடும். அவர் நினைவிலுள்ள மெட்டைப் பாடச் செய்து கைப்பேசியிற் பதிவதற்கு ஐந்து நிமையமே வேண்டும்.

எம்மூர்ப் பக்கத்துக் குழுக்கள் இத்துணைப் பெருமை உடையன அல்ல. இளையராஜாவின் பாட்டுக்கள் பரவியபின், அவற்றைப் பாடுதற்கென்றே சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களில் எழுந்தவை அவை. மாரியம்மன் திருவிழாவும் மாதா கோயில் தேர்த் திருநாளும் அவற்றிற்கு ஒன்றே. சிலபொழுது கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைவரையும் சென்று பாடியதுண்டாம். விடியுமட்டும் பாடிக் கிடைத்ததைப் பங்கிடும்பொழுது பாடுவோர்க்கு ஒருபங்கு மிகுதி, ஆர்மோனியக்காரர்க்கு இல்லை. பின்னர் மின்விசைப்பலகை வந்தது. ஒரு விசையை அழுத்தின் மேளம் தானே ஒலித்தது. தபேலாக்காரர் கட்டட வேலைக்குப் போயினார். அதன்பின் பாடுவோரே வேண்டாத ஒலிப்பெட்டிகள் வந்தன. குழு கலைந்த நாள் எதுவென்று பெரியதந்தையார்க்கும் தெரியாது. அழைப்பு வருவது நின்றது, அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் அவர் வாசிக்கின்றார். ஞானப்பாட்டின் ஈரடிகளுக்கு நடுவே இடையிசை ஏதேனும் சேர்த்துவிடுகின்றார் என்று குருவானவர் ஒருமுறை மெல்லக் கடிந்ததுண்டு.

2025 மார்ச் 8-ஆம் நாள், தம் எண்பத்தொன்றாம் அகவையில், இளையராஜா தாம் எழுதிய 'வேலியண்ட்' என்னும் சிம்பொனியை இலண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கில் அரங்கேற்றினார். அவ்வரங்கிற்கு முன்னாளில் ஹாமர்ஸ்மித் ஓடியன் என்று பெயர். 1964 டிசம்பர் 24 முதல் 1965 சனவரி 16 வரை பீட்டில்ஸ் குழுவினர் தம் கிறிஸ்து பிறப்புவிழா நிகழ்ச்சியை நடத்தியது அங்கேதான். அவர்கள் அம்மேடையில் நின்ற நாளில், இவர் தமிழ்நாட்டு ஊர்ப்புறத்து மேடை ஏதோ ஒன்றில் அண்ணனுக்குப் பக்கத்தில் துருத்தி இயக்கிக்கொண்டிருந்திருப்பார்.

அவ்வரங்கேற்றத்தின் சிறு காட்சியொன்றைக் கைப்பேசியிற் பெரியதந்தையார்க்குக் காட்டினேம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நோக்கினார். வயலின்காரர் ஒவ்வொருவர் முன்னும் தாள் வைத்திருத்தலைச் சுட்டி, தம் குழுவில் தாள் என ஒன்று இருந்ததில்லை என்றும், பாடுகின்றவன் முகமே தமக்குத் தாள் என்றும், அவன் புருவம் ஏறினால் அடுத்த அடி, இறங்கினால் இடையிசை என்றும் கூறினார். காட்சியை இன்னொருமுறை காட்டச் சொன்னார். பள்ளி திறக்கும் நாள் அணித்தாய் இருந்தது. வெட்டிவைத்த சீருடைத் துணி மேசையிற் குவிந்து கிடந்தது. ஆதலின் மும்முறை நோக்கியபின் தையற்பொறிக்குத் திரும்பினார்.